"அது என் காலத்துக்கு முந்தியது" என்றால் முடிந்ததா?

கரிசல்காடு:
2019-இல் ஜெர்மனியின் பால்சன் பிஸ்கட் குடும்ப வாரிசிடம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர்கள் ஆலையில் வேலை வாங்கப்பட்ட கட்டாயத் தொழிலாளர்களைப் பற்றிக் கேட்டார்கள். "அது என் காலத்துக்கு முந்தியது. ஜெர்மானியருக்குக் கொடுத்த கூலியைத்தான் கொடுத்தோம், நன்றாகவே நடத்தினோம்" என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்பும் கேட்டுவிட்டார். அந்தப் பெண்ணை அப்படி வறுத்தெடுத்தது நியாயமே இல்லை. பாட்டன் செய்ததற்குப் பேத்தி என்ன செய்வாள்? 2000-இலேயே அந்த நிறுவனம் கட்டாயத் தொழிலாளர்களுக்கான இழப்பீட்டு நிதிக்கு 15 லட்சம் மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்) கொடுத்திருக்கிறது.

முல்லை:
பேத்தியைக் குற்றவாளி என்று நான் சொல்லவே மாட்டேன், கரிசல். கூலியைப் பற்றிச் சொன்னாரே, அதுதான் பிரச்சினை. அன்றைய சட்டப்படியே சமக்கூலி நடக்காத காரியம். 1940 முதல் போலந்துக்காரர் கூலியில் 15 சதவீதத்தைத் தனி வரியாகப் பிடித்தார்கள். மஞ்சள் துணியில் ஊதா நிறத்தில் 'பி' என்ற எழுத்து, அதைச் சட்டையில் தைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நின்று அதே பிஸ்கட்டை அடுக்கிய ஜெர்மானியப் பெண்ணின் சட்டையில் எழுத்து கிடையாது. இதை எப்படி "நன்றாக நடத்தினோம்" என்பது?

கரிசல்காடு:
வரி விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்டிக்க வேண்டியவர்களைத் தண்டித்தார்களா? ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமின் கைதிகளை வைத்து ஆலை கட்டிய ரசாயன நிறுவனம் ஐ.ஜி. ஃபார்பன். அதன் இயக்குநர் ஃபிரிட்ஸ் டெர் மேருக்கு 1948-இல் நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் ஏழாண்டுச் சிறை. 1956-இல் பேயர் மருந்து, ரசாயன நிறுவனக் கண்காணிப்புக் குழுவின் தலைவரே அவர்தான்! அவரையெல்லாம் விட்டுவிட்டுப் பின்னால் பிறந்தவர்களை உலுக்குவதா?

வைகைக்கரை:
ஒரு தகவல். 2000-இல் ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் பாதிப் பாதி போட்டு, கட்டாயத் தொழிலாளர்களுக்கு இழப்பீடு கொடுக்க 1,000 கோடி மார்க்கில் ஓர் அறக்கட்டளை அமைத்தன. 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. வதை முகாமில் உழைத்தவருக்கே அதிகபட்சம் 15,000 மார்க்தான். சோவியத் போர்க்கைதிகளைச் சேர்க்கவே இல்லை.

முல்லை:
டெர் மேரை விட்டதால்தான் சொல்கிறேன். அப்போது கேட்காததை இப்போதாவது கேட்க வேண்டும். அந்த எதிர்ப்புக்குப் பிறகுதான் பால்சன் வரலாற்றாய்வாளர்களிடம் பொறுப்பைக் கொடுத்தது. 2024-இல் முடிவு வந்தது. அதுவரை அங்கே கட்டாயத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 200 பேர் என்று சொல்லி வந்தார்கள். உண்மையில் சுமார் 800. பெரும்பாலும் போலந்து, உக்ரைன் பெண்கள். வாரிசை யாரும் கேள்வி கேட்காமல் விட்டிருந்தால் மீதி 600 பேர் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள்.

கரிசல்காடு:
அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஆவணத்தைத் திறந்து காட்டுகிறவனையே எல்லாரும் சேர்ந்து அடித்தால், அடுத்த கம்பெனிக்காரன் பீரோவைப் பூட்டிச் சாவியை ஒளித்துவிடுவான். என் பயம் அதுதான்.

முல்லை:
பீரோ ரொம்ப நாள் பூட்டித்தானே கிடந்தது? அந்த ஆலையில் உழைத்த பெண்களில் சிலர் உயிரோடு இருந்தபோதே வழக்குப் போட்டார்கள். காலம் கடந்துவிட்டது என்று 2000-இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 15 லட்சம் மார்க் கொடுத்ததும் அதே வருடம்தான்.