எழுத்தே இல்லாத படப் புத்தகம் பிள்ளைகளுக்கு எதற்கு?

காட்பாடி குமரன்:
என் பெண்ணுக்கு நாலு வயது. உறவினர் ஒருவர் வெறும் படங்களாக உள்ள புத்தகம் வாங்கித் தந்திருக்கிறார். ஒரு வரிகூட இல்லை. இதில் நான் எதை வாசித்துக் காட்டுவது? எழுத்துள்ள கதையை வாசித்தால்தான் "அதைக் கேட்டதும் நரி மெல்ல நழுவியது" போன்ற வாக்கியங்கள் காதில் விழும். வீட்டுப் பேச்சில் அதெல்லாம் வராது. எனக்கு இது வீண் செலவாகத்தான் படுகிறது.

குடியாத்தம் மல்லிகா:
எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது அண்ணா. பேரனுக்குக் கதைப் புத்தகம் என்றாலே என்னிடம் தள்ளிவிடுவார். படப் புத்தகம் வந்த பிறகு அவரே மடியில் வைத்துக்கொண்டு சொல்கிறார். எனக்கு அதுவே போதும்.

காட்பாடி குமரன்:
நல்ல விஷயம்தான். அதற்குக் காலண்டர் படம் போதாதா?

பேரணாம்பட்டு டீச்சர்:
போதாது சார். காலண்டரில் ஒரே படம். புத்தகத்தில் பக்கம் திருப்ப வேண்டும், இடையில் நடந்ததைப் பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்க ஓவியர் மெர்சர் மேயர் 1969இல் வெளியிட்ட, எழுத்தே இல்லாத தவளைப் புத்தகத்தைப் பாருங்கள். பையனும் நாயும் தூங்குகிறார்கள், தவளை ஜாடியிலிருந்து ஒரு காலை வெளியே வைக்கிறது. அடுத்த படத்தில் விடிந்துவிட்டது, ஜாடி காலி. "எங்கே போச்சு?" என்று மட்டும் கேளுங்கள். "அவங்க தூங்கிட்டு இருக்கும்போது ஓடிப்போச்சு" என்று வரும். நீங்கள் கேட்கிற அந்த நீள வாக்கியம் பிள்ளை வாயிலிருந்தே வருகிறது. பல மொழிக் குழந்தைகள் கதையை எப்படிக் கோக்கிறார்கள் என்று பார்க்க மொழி ஆய்வாளர்கள் இதே புத்தகத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் அங்கன்வாடியிலும் தமிழ், உருது, தெலுங்கு பேசும் பிள்ளைகள் ஒரே பாயில் உட்காருகிறார்கள். தமிழில் வாசித்தால் பாதிப் பேர் என் வாயையே பார்ப்பார்கள். நாய் அந்த ஜாடிக்குள் தலையை மாட்டிக்கொண்டு ஜன்னலிலிருந்து விழும் பக்கம் வந்தால் எல்லாரும் ஒன்றாகக் கத்துவார்கள், அவரவர் மொழியில்.

காட்பாடி குமரன்:
வேலை முடிந்து வந்து கதை கட்ட எனக்குத் தெம்பு இருக்காதே மேடம். விலையும் கூடுதல்.

பேரணாம்பட்டு டீச்சர்:
நீங்கள் கட்ட வேண்டாம். முதல் தடவை பேசாமல் பக்கத்தைத் திருப்புங்கள், போதும். விலைக்கு வழி இருக்கிறது: பிள்ளைகளுக்கான புத்தகங்கள் வெளியிடும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் சொல்லில்லாக் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. செல்போனில் காட்டாமல் பிரின்ட் எடுத்துக் கொடுங்கள்.

காட்பாடி குமரன்:
பிள்ளை தப்பாகச் சொன்னால்? தவளையை ஆமை என்றால் விட்டுவிடுவதா?

பேரணாம்பட்டு டீச்சர்:
அடுத்த வாக்கியத்தில் நீங்கள் தவளை என்று சொல்லுங்கள், பிடித்துக்கொள்ளும். கதை வேறு மாதிரி போனால் மட்டும் எதைப் பார்த்து அப்படிச் சொன்னாய் என்று கேளுங்கள். விரல் வைத்துக் காட்டும். பல நேரம் நாம் கவனிக்காத ஏதோ ஒன்று அந்த மூலையில் இருக்கும்.

காட்பாடி குமரன்:
சரி, கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் ராத்திரி தூங்கும்முன் எழுத்துள்ள கதைதான். அதை விட்டுத்தர மாட்டேன்.