ஏ40 கார்டு டவர் கேபினெட்டில் கொதிக்கிறது, உதவி தேவை

கோவையில் பம்ப் வடிவமைப்பு வேலை செய்கிறேன். ரெண்டரிங்குக்காக (3டி மாடலைப் படமாக்க) மூன்று வாரம் முன்பு பழைய என்விடியா ஏ40 கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி டவர் கேபினெட்டில் போட்டேன். அது சர்வர் கார்டு, சொந்த விசிறி கிடையாது என்பதைக் கவனிக்கவில்லை. பிளெண்டர் 3டி மென்பொருளில் பத்தே நிமிடத்தில் 90 டிகிரியைத் தொடுகிறது, வேகம் படுத்துவிடுகிறது.

பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேன் வைத்துப் பார்த்தேன். அப்புறம் காகித அட்டையை வெட்டி, 120 மி.மீ. விசிறியை கார்டின் பின்முனையில் ஒட்டினேன். ஐந்து டிகிரிதான் குறைந்தது. காற்று உள்ளே போகாமல் அட்டை இடுக்கு வழியாகக் கையில் அடிக்கிறது.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் ஏ6000 கார்டிலும் இதே 48 ஜிபி மெமரி, இதே 300 வாட், விசிறியும் உண்டு. விலைதான் இடிக்கிறது.

ஏ40-ஐ டவரில் முழு லோடில் ஓட்டுபவர்கள் எந்த புளோயர் (அழுத்தமாகக் காற்றை ஊதும்) விசிறி போட்டிருக்கிறீர்கள்?