மறு: ‘மாறுபடு நெம்புருள்தண்டு நேரமைவு’ வேண்டாம், ‘முந்துபிந்து அமைப்பு’ என்போம்

அன்புள்ள அண்ணாச்சிக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

‘வேரியபிள் கேம்ஷாஃப்ட் டைமிங்’ என்பதற்குத் தமிழில் அண்ணாச்சி முன்வைத்த ‘மாறுபடு நெம்புருள்தண்டு நேரமைவு’ என்ற தொடரில் இலக்கணக் குறை எதுவும் இல்லை. எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் கேமுக்கு நெம்புருள் என்பது பாடநூல்களில் ஊன்றிவிட்ட சொல்தான். ஆனாலும் இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நாம் பாடம் எழுதுவது திருநெல்வேலி பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு நாளைக்கே ஒரு பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கப்போகிற பிள்ளைகளுக்காக. இந்தப் பெயரை நம்பி அவர்கள் பழுதைத் தவறாகக் கணித்துவிடுவார்கள் என்பதுதான் என் கவலை.

வண்ணார்பேட்டையில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் ‘டைமிங் மாறிவிட்டது’ என்றால் ஒரே பொருள்தான்: கேமைச் சுழற்றும் செயின் பல் தாண்டிவிட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும். அது நோய். நாம் பெயர் தேடுவதோ, எஞ்சின் ஓடும்போதே கேமை வேண்டுமென்றே முன்னும் பின்னும் நகர்த்துகிற ஏற்பாட்டுக்கு. நோய்க்கும் உறுப்புக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்தால் பையன் எதைச் சோதிப்பான்?

‘நேரம்’ என்பதும் உறுத்துகிறது. இங்கே மாறுவது கோணம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் கணக்கில் 10 பாகை நகர்த்தினால், நிமிடத்துக்கு 1000 சுற்றில் அது ஏறத்தாழ 1.7 மில்லி விநாடி. 4000 சுற்றில் அதே 10 பாகை 0.4 மில்லி விநாடிதான். கோணம் ஒன்று, நேரம் வேறு. கேமை நகர்த்தும் உறுப்பான ‘ஃபேஸருக்கு’ மதுரை நண்பர் சொன்ன ‘கட்டமாற்றி’ இயற்பியலுக்குப் பொருந்தும். பட்டறையில் கட்டம் என்றால் வேலையின் கட்டம்தான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை நம் வயற்காட்டிலேயே கிடக்கிறது. பிசான நெல் பருவத்தில் யார் நடவு முந்தியது, யார் நடவு பிந்தியது என்று பேசாத வீடு தாமிரபரணிக் கரையில் உண்டா? பருவம் அப்படியே இருக்க, அதற்குள் நடவு முந்துகிறது அல்லது பிந்துகிறது. கிராங்கின் சுற்று அப்படியே இருக்க, அதற்குள் கேம் முந்துகிறது அல்லது பிந்துகிறது. ஆகவே கோண மாற்றங்களுக்கு முந்தல், பிந்தல் என்றும், முழு ஏற்பாட்டுக்குக் ‘கேம் முந்துபிந்து அமைப்பு’ என்றும் சொல்வோம். கேம் முனையில் செயின் சக்கரத்தோடு உட்காரும் உறுப்புக்கு முதலில் ‘கேம் திருப்பி’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் கேமைத் திருப்புவது செயின். இந்த உறுப்பு அதைச் சற்றே நகர்த்துகிறது. ‘கேம் நகர்த்தி’ என்பதே சரி.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க, அதை வைத்துப் பழுது கண்டறியும் பாடம் ஒன்றை எழுதிப் பார்க்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது 2004-ஆம் ஆண்டு மாடலில் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்புக்கு வந்த 5.4 லிட்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு வி-8 எஞ்சின். அமெரிக்க வண்டிதான், நம் ஊரில் ஓடும் பிக்கப்புகள் பெரும்பாலும் டீசல், அவற்றில் இந்த அமைப்பு இல்லை. இருந்தாலும் பாடத்துக்கு இதைவிட நல்ல எஞ்சின் கிடைக்காது. வி வடிவின் ஒவ்வொரு சிலிண்டர் வரிசைக்கும் ஒரே கேம் என்பதால் உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்தே பிந்துகின்றன, குழப்பமில்லை. பழுதும் ஊரறிந்தது. சூடான பின் ஐடிலிங்கில் டீசல் எஞ்சின்போலத் தட்டும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் அடங்கும்.

ஏன் என்பதை உறுப்பைப் பிரித்துக் காட்டினால் மாணவன் மறக்கமாட்டான். நகர்த்தியின் வெளிக்கூடு செயின் சக்கரத்தோடும் உள்ளே இருக்கும் இதழ்கள் கேமோடும் சுழல்கின்றன. இதழின் இரு பக்கமும் ஆயில். ஆயில் அழுத்தம் இல்லாதபோது ஒரு சின்ன முளை குழியில் விழுந்து கூட்டையும் இதழையும் பூட்டிவிடும். வால்வு ஸ்பிரிங்கோ, கேமின் மூக்கு, அதாவது புடைப்பு, வால்வைத் திறக்க ஏறும்போது கேமைப் பின்னுக்குத் தள்ளும், இறங்கும்போது முன்னுக்குத் தள்ளும். ஆயில் சூடேறி இளகி, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் சீலும் கசிந்தால், ஐடிலிங்கில் அழுத்தம் விழுந்துவிடும். இதழைத் தாங்க ஆளில்லை. பூட்டுமுளையின் குழியும் தேய்ந்திருந்தால் இதழ் கூட்டின் சுவரில் மாறி மாறி மோதும். அதுதான் அந்தத் தட்டல்.

எனவே நகர்த்தியைக் குறை சொல்லுமுன் ஆயிலைப் பார்க்க வேண்டும். அளவு சரியா, நிறுவனம் சொன்ன 5டபிள்யூ-20 தானா, சூடான ஐடிலிங்கில் மெக்கானிக்கல் அழுத்தக் கேஜ் என்ன காட்டுகிறது? அடுத்து, நகர்த்திக்குப் போகும் ஆயிலை மின்சாரத்தால் கட்டுப்படுத்தும் வரிச்சுருள் (சொலினாய்டு) வால்வு. ஸ்கேனர் வழியாக ஐடிலிங்கிலேயே பிந்தும்படி கட்டளையிட்டால் எஞ்சின் தடுமாற வேண்டும். தடுமாறவில்லை என்றால் வால்வு சிக்கியிருக்கிறது, அல்லது அதற்கு மின்சாரம் போகவில்லை, அல்லது நகர்த்தியே அசையவில்லை. இந்த வரிசையை விட்டுவிட்டு விலையுயர்ந்த நகர்த்தியை மட்டும் மாற்றினால் பழைய சத்தம் திரும்ப வரும், வாடிக்கையாளர் பணமும் வீண்.

இனி ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறிகளைப் பாருங்கள். பி0011 என்றால் வரிசை 1-இல் மிகைமுந்தல், பி0012 என்றால் அதே வரிசையில் மிகைபிந்தல். பி0021, பி0022 இரண்டும் வரிசை 2-க்கு. ‘மாறுபடு நேரமைவு’ என்பதிலிருந்து இவற்றுக்கு எப்படிச் சொல் பிறப்பிப்பது? முந்து, பிந்து என்ற வேர்களிலிருந்து தானாகவே பிறந்துவிடுகிறது.

இது அயல்நாட்டு வண்டிக்கு மட்டுமான அக்கறையும் அல்ல. மாருதி சூப்பர் கேரி பெட்ரோல் சரக்கு வண்டிக்கு 2023-இல் வந்த 1.2 லிட்டர் எஞ்சினில் உள்வால்வுக் கேம், வெளிவால்வுக் கேம் இரண்டுக்குமே இந்த அமைப்பு இருக்கிறது. அங்கே ‘உள்கேம் முந்தல்’, ‘வெளிகேம் பிந்தல்’ என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

நெம்புருளா கேமா என்ற சண்டையில் நான் கேம் பக்கம். இரண்டெழுத்துச் சொல், எல்லார் வாயிலும் புழங்குகிறது. வரிச்சுருள் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டதால் அதை மாற்ற வேண்டாம்.

பூட்டுமுளைக்கு மட்டும் எனக்கு இன்னும் நிறைவில்லை. ‘தாழ்முளை’ பொருந்துமா? தச்சுவேலை தெரிந்த தென்காசி நண்பர் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். அண்ணாச்சி, முந்துபிந்துவில் தடை இருந்தால் வெளிப்படையாக எழுதுங்கள். இல்லையென்றால் இந்தச் சொற்களையே வைத்துப் பாடத்தின் அடுத்த பகுதியை எழுதத் தொடங்குகிறேன்.