கூகுள் டிரைவ்: பொது ஃபோல்டரில் இருந்த ஃபைல்கள் எங்கே போயின?

கேள்வி:
குடியிருப்போர் சங்கக் கணக்கு, ரசீது எல்லாம் என் டிரைவில் ஒரு ஃபோல்டர். 6 பேருக்கு எடிட்டர் அனுமதி உண்டு. பழைய செயலாளர் விலகியதும் அவர் ஏற்றிய ரசீதுகளைக் காணோம். ஃபோல்டர் என்னுடையதுதானே?

பதில் 1:
ஃபோல்டர் உங்களுடையது, ஃபைல் அவருடையது. யார் ஏற்றினாரோ அவரே ஓனர், இடமும் அவருடைய 15 ஜிபியில்தான் கழியும். அவர் டெலீட் செய்தால் அவருடைய டிராஷுக்குப் போகும், 30 நாளில் அழிந்துவிடும். அதனால் இன்றே அவரைக் கூப்பிட்டு ரெஸ்டோர் செய்யச் சொல்லுங்கள். உங்கள் டிராஷில் தேடிப் பயனில்லை.

பதில் 2:
கிடைத்ததும் ஓனர்ஷிப்பை மாற்றுங்கள். அவர் ஷேர் பெட்டியில் உங்கள் பெயருக்கு எதிரே டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப் கொடுக்க வேண்டும், நீங்கள் அதை ஏற்க வேண்டும். ஃபோல்டரை மாற்றினால் உள்ளே இருப்பவை கூடவே மாறாது, பலர் சறுக்குவது இங்கேதான். ஃபைல் நிறைய என்றால் அனைத்தையும் தேர்ந்தெடுத்து மேக் எ காபி கொடுங்கள், நகலுக்கு நீங்களே ஓனர். ஆனால் ஃபோல்டரை அப்படி நகலெடுக்க முடியாது.

கேட்டவர்:
ரெஸ்டோர் ஆகிவிட்டது, நன்றி! இனி என்ன செய்யலாம்?

பதில் 1:
சங்கத்துக்கென்று தனி ஜிமெயில் தொடங்கி, ரசீதுகளை அதிலிருந்தே ஏற்றுங்கள். மற்றவர்களுக்கு வியூவர் போதும். பெயரை 2025-04-07_தண்ணீர்லாரி என்று வைத்தால் தேதிவாரியாகத் தானே வரிசையாகும்.