குறுக்குச் சட்டம்: போல்ட்டா, நாக்கும் துளையுமா?

புதுத்துடுப்பு
வணக்கம். மெல்லிய மரக்கீற்றுகளை ஒட்டி, உள்ளும் புறமும் ஃபைபர் கிளாஸ் போர்த்தி 16 அடியில் ஒரு கேனூ (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகு) கட்டிவருகிறேன். அச்சிலிருந்து எடுத்தாயிற்று. படகுச் சுவரின் மேல்விளிம்பில் உட்புறமாக நீளவாக்கில் ஓடும் உள்விளிம்புச் சட்டத்தை இன்னும் ஒட்டவில்லை, கிளாம்ப் போட்டு நிறுத்தியிருக்கிறேன். அதன் குறுக்களவு 19-க்கு 19 மி.மீ. இடம் வலமாக மூன்று குறுக்குச் சட்டங்கள் வர வேண்டும். ஒவ்வொன்றும் 19 மி.மீ. தடிமன், 60 மி.மீ. அகலம். இவற்றை விளிம்புக்கு அடியில் வைத்து போல்ட் போடுவதா, துளையிட்டு நாக்கு இறக்கி ஒட்டுவதா? ஒட்டுவதற்கு முன் முடிவெடுத்தாக வேண்டும்.

உளிச்சத்தம்
நல்ல வேளை, ஒட்டுமுன் கேட்டீர்கள். நாக்கும் துளையும்தான். வட அமெரிக்கப் பழங்குடிகள் பூர்ச்ச மரப்பட்டையில் கேனூ கட்டியபோது குறுக்குச் சட்டத்தின் நுனியை நாக்காகச் சீவி, விளிம்புச் சட்டத்தின் துளையில் செருகி, மரவேரால் கட்டினார்கள். ஓர் இரும்பாணிகூடக் கிடையாது. அந்தக் கேனூக்கள் பாறை ஆறுகளில் சுமை ஏற்றிப் போனவை.

போல்ட் போட்டால் என்ன ஆகும்? மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். உலோகம் அப்படியே நிற்கும். இரண்டு பருவத்தில் வாஷருக்கு அடியில் மரம் நசுங்கி, நட்டு தளர்ந்து, சட்டம் ஆடத் தொடங்கும். ஈர மரத்துக்குள் காற்றுப் படாமல் கிடக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உள்ளுக்குள் அரிக்கும், உப்பு நீரில் இன்னும் வேகமாக. போதாததற்கு, 19 மி.மீ. விளிம்புச் சட்டத்தில் 6 மி.மீ. ஓட்டை போடுகிறீர்கள். மூன்றில் ஒரு பங்கு மரம் போய்விட்டது.

நீரோட்டம்
அந்த மூன்றில் ஒரு பங்கை அப்படியே ஏற்க முடியாது, நண்பரே. எந்தத் திசையில் என்று பார்க்க வேண்டும்.

போல்ட் துளை மேலிருந்து கீழே போகிறது. படகின் பக்கம் உள்ளேயோ வெளியேயோ வளையும்போது அந்தத் துளை விளிம்புச் சட்டத்தின் நடுவில், அதிகம் வேலை செய்யாத இடத்தில் இருக்கிறது. வளைவைத் தாங்கும் பலம் மும்மடியில் போகும்: 19-ன் மும்மடி 6859, 6-ன் மும்மடி 216. இழப்பு 3 சதவீதம்தான். நீங்கள் சொல்லும் 32 சதவீத இழப்பு மேல்-கீழ் வளைவுக்கு. அந்தத் திசையில் சட்டம் தனியாக நிற்கவில்லை. அதோடு ஒட்டிய படகுச் சுவர் ஒரு சாணுக்கு மேல் ஆழம். மேல்-கீழ்ப் பாரத்தைத் தாங்குவது அதுதான்.

இப்போது உங்கள் நாக்கு. 7 மி.மீ. உயரத் துளை பக்கவாட்டில் முழுக்க ஊடுருவினால், பக்கவாட்டு வளைவில் 7-க்கு 19, அதாவது 37 சதவீதம் போகும். சட்டம் மிகவும் தேவைப்படும் திசையில்தான் அதை பலவீனப்படுத்துகிறீர்கள்.

உளிச்சத்தம்
கணக்கு சரி, ஆனால் வெற்றுத் துளைக்கான கணக்கு அது. என் துளைக்குள் இறுக்கமான நாக்கு எபாக்சிப் பசையோடு உட்கார்ந்திருக்கிறது. அமுங்கும் பக்கம் முழு மரம்போலவே வேலை செய்யும், இழுபடும் பக்கம் மட்டும்தான் நட்டம். தவிர, முழுக்க ஊடுருவ வேண்டிய அவசியமும் இல்லை. 12 மி.மீ. ஆழம் போதும்.

இன்னொன்று. போல்ட்டுக்கும் குறுக்குச் சட்டத்தின் நுனிக்கும் நடுவே எவ்வளவு மரம் மிஞ்சுகிறது? விளிம்பு 19 மி.மீ. அகலம், போல்ட் நடுவில். நுனியில் ஏறத்தாழ 10 மி.மீ. இழுவிசையில் போல்ட் முழுப் பலத்தையும் காட்ட, மெல்மரத்தில் விட்டத்தைப்போல் 7 மடங்கு வேண்டும் என்பார்கள். 6 மி.மீ.க்கு 42. உங்களிடம் அதில் கால்வாசிகூட இல்லை. படகு வெளிப்பக்கம் விரியப் பார்த்தால் இழையோடு பிளந்து வந்துவிடும்.

மரவாசம்
இருவரும் ஒரு நிமிடம் பொறுங்கள். புதுத்துடுப்பு, அச்சிலிருந்து எடுத்ததும் உங்கள் படகு எந்தப் பக்கம் போனது? விரிந்ததா, குவிந்ததா?

புதுத்துடுப்பு
குவிந்தது. நடுவில் 86 செ.மீ. இருக்க வேண்டியது 84-தான் இருக்கிறது. கையால் தள்ளினாலே விரிந்துகொடுக்கிறது.

மரவாசம்
அப்படியென்றால் நடுச்சட்டம் எந்நேரமும் வெளியே தள்ளிக்கொண்டு அமுக்கத்தில்தான் இருக்கும். போல்ட் நுனியை நோக்கி இழுக்காது, நடுப்பக்கம் உள்ள மரத்தின் மேல் சாயும். அங்கே மரத்துக்குப் பஞ்சமில்லை. 10 மி.மீ. கவலை உங்கள் படகுக்குப் பெரிதல்ல. விரியும் படகாக இருந்தால் போல்ட்டை விட்டுவிட்டுப் புறாவால் இணைப்பைத்தான் (நுனியை விசிறிபோல் விரிய வெட்டிப் பொருத்துவது) சொல்லியிருப்பேன். இழுத்தால் இறுகுவது அது ஒன்றுதான்.

உளிச்சத்தம்
புறாவாலுக்கு விளிம்பின் மேல்முகத்தைப் பாதி ஆழம் வெட்ட வேண்டும். அதை நானே செய்ய மாட்டேன். மற்றபடி, அமுக்கம் என்றால் நாக்குக்கு இன்னும் நல்லது. நாக்கின் இருபுறமும் இருக்கும் தோள் விளிம்பின் உள்முகத்தில் முட்டி நிற்கும். போல்ட்டோ ஒரு மெல்லிய கம்பியில் அத்தனை பாரத்தையும் வாங்குகிறது.

நீரோட்டம்
தோள் நல்லது. மறுக்கவில்லை. நான் பசைக்குத்தான் எதிரி.

என் முதல் படகில் மூன்றையும் நாக்கு இறக்கி ஒட்டினேன். ஓர் இறக்கத்தில் படகு பக்கவாட்டில் பாறையில் சிக்கி, நடுச்சட்டம் முறிந்தது. முறிந்த சட்டத்தை மாற்றுவது அரை நாள் வேலையாக இருந்திருக்க வேண்டும். நாக்குகள் துளையில் எபாக்சியோடு இறுகிக் கிடந்ததால் உளியால் கொத்தி எடுக்க வேண்டியதாயிற்று. உள்விளிம்பு ஓரிடத்தில் பிளந்தது. முடிவில் ஒரு பக்க விளிம்பையே மாற்றினேன். புதுச் சட்டத்துக்கு நாக்கு வைக்கவும் வழியில்லை. இரண்டு விளிம்பும் நிலையாக நிற்கும்போது இரண்டு நுனியிலும் நாக்குள்ள கட்டையை எப்படி உள்ளே செருகுவது? படகை விரித்துப் பிடிக்க வேண்டும், அல்லது துளையை நீட்ட வேண்டும்.

பழங்குடிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் விளிம்புகளையும் குறுக்குச் சட்டங்களையும் முதலில் சட்டகமாகச் சேர்த்துவிட்டு, பட்டையை அதன்மேல் பொருத்தினார்கள். கட்டிய வேர் நைந்தால் அறுத்து வேறு கட்டலாம். அவர்கள் எதையும் நிரந்தரமாக ஒட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் வரிசை நேர்மாறு: முதலில் உடல், பிறகு விளிம்பு, கடைசியில் சட்டம்.

உளிச்சத்தம்
பாறையில் சிக்கியதற்கு இணைப்பு என்ன செய்யும்? ஆனால் உங்கள் வேதனை புரிகிறது, விளிம்பை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கும் தெரியும். ஒட்டாமல் நாக்கு இறக்கி, மேலிருந்து ஒரு மரமுளை அடித்து நிறுத்துங்கள் என்பேன். நாக்கின் ஓட்டையை 1 மி.மீ. நடுப்பக்கம் தள்ளிப் போட்டால் முளை ஏற ஏற இணைப்பு இறுகும். மாற்ற வேண்டுமானால் முளையைத் துளைத்தெடுக்கலாம்.

புதுத்துடுப்பு விளிம்பை இன்னும் ஒட்டவில்லை. சட்டகமாகச் சேர்த்து உள்ளே இறக்க அவருக்கு இன்றும் வழி இருக்கிறது.

நீரோட்டம்
வளைந்த இரண்டு விளிம்பு, மூன்று சட்டம், ஆறு நாக்கு. எபாக்சி இறுகுமுன் இத்தனையையும் சேர்த்துக் கிளாம்ப் போட முதல்முறை கட்டுபவரால் முடியுமா? விளிம்பு ஒரு சீராக வளைவதுதான் படகின் அழகு. அதை அவசரத்தில் ஒட்டக் கூடாது.

புதுத்துடுப்பு
நேற்று இரவு துண்டு மரத்தில் இரண்டையும் செய்து பார்த்தேன். நாக்குத் துளை ஒன்றுக்கு ஒன்றரை மணிநேரம் ஆனது, அப்படியும் ஒரு பக்கம் தளர்வாக வந்தது. அதனால் இப்படி நினைக்கிறேன்: விளிம்பை முதலில் நிதானமாக ஒட்டிவிடுவது. குறுக்குச் சட்டத்தின் மேல்முகத்தில் இரு நுனியிலும் 5 மி.மீ. ஆழம் படிவெட்டு வெட்டி, அந்தத் தோள் விளிம்பின் உள்முகத்தில் முட்டும்படி அடியில் வைப்பது. நுனிக்கு இரண்டு 6 மி.மீ. போல்ட், பசை இல்லாமல். தள்ளும் பாரம் தோளுக்கு, தூக்கும் பாரம் போல்ட்டுக்கு. துளையை 10 மி.மீ.க்குப் பெரிதாக்கி எபாக்சி நிரப்பி மறுபடி துளைத்தால் ஈரம் ஏறாது என்கிறார்கள். செய்யட்டுமா?

நீரோட்டம்
நுனிக்கு இரண்டு போல்ட் சரியான முடிவு. ஒன்றே இருந்தால் படகு முறுக்கும்போது சட்டம் அதையே அச்சாகக் கொண்டு திரும்பும். படிவெட்டின் உள்மூலையைக் கூர்மையாக விடாமல் சற்று உருட்டிவிடுங்கள். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். நைலான் வளையம் உள்ள நட்டு போடுங்கள்.

உளிச்சத்தம்
நான் இப்போதும் நாக்குதான் போடுவேன். ஆனால் உங்கள் படிவெட்டு யோக்கியமான வேலை, தோள் இரண்டும் காகிதம் நுழையாமல் முட்ட வேண்டும். துளையை மட்டும் 10 ஆக்காதீர்கள். 19-ல் பாதிக்கு மேல் போய்விடும். 6-லேயே துளைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் வார்னிஷை மூன்று முறை உள்ளே தடவி, ஒவ்வொரு முறையும் காயவிடுங்கள். முதல் பருவம் முடிந்ததும் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள், கால் சுற்றாவது ஏறும்.