எட்டிலிருந்து ஒன்பதுக்கு: புதுப் பள்ளியில் பிள்ளைகளின் முதல் ஆண்டு

ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்:

என் மகன் எட்டாம் வகுப்பு வரை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படித்தான். அவன் வகுப்பில் மொத்தம் 17 பேர். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலவரமும் தலைமையாசிரியருக்கு அத்துப்படி. ஒன்பதாம் வகுப்புக்கு நகரத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தபோது ஒரு பிரிவிலேயே 56 பேர் இருந்தார்கள். பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என மணி அடித்ததும் மாறி மாறி வருவார்கள். ஆகஸ்ட் வரை அவர்களில் ஒருவர்கூட இவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

எட்டாம் வகுப்பிலேயே என்.எம்.எம்.எஸ். என்னும் தேசிய உதவித்தொகைத் தேர்வில் தேறி, பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவன் என்பதால், காலாண்டுத் தேர்வில் கணக்கில் 38 மதிப்பெண்ணோடு வந்து நின்றபோது எங்களால் நம்ப முடியவில்லை. பாடம் கடினமாகிவிட்டது என்று நாங்களே முடிவு செய்து டியூஷனில் சேர்த்தோம். அதனால் வீடு திரும்ப இரவு எட்டரை மணி ஆனதுதான் மிச்சம்.

உண்மை வெளிப்பட்டது அவனுடைய சாப்பாட்டுத் தட்டில். சத்துணவுக்காகத் தினமும் ஓர் எவர்சில்வர் தட்டைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்து அனுப்புவேன். மாலையில் அவனே கழுவிக் கவிழ்த்துவிடுவான். ஒரு நாள் காய்ச்சலென்று வந்து படுத்துவிட்டதால் நானே பையைத் திறந்தேன். காலையில் நான் சுற்றிய தாள் மடிப்புக் கலையாமல் இருந்தது. கேட்டதற்கு, "எங்க கிளாஸ்ல யாரும் வாங்க மாட்டாங்கம்மா" என்றான். சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு; ஆனாலும் டிபன் பாக்ஸ் திறக்கும் கூட்டத்துக்கு நடுவே தனியாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் நிற்க அவனுக்குக் கூச்சம். பழைய பள்ளியில் இரண்டாவது முட்டைக்குச் சமையலம்மாவிடம் வழக்காடியவன், இங்கே நான்கு மாதமாகத் தண்ணீரைக் குடித்துவிட்டு மைதானத்தில் நடந்துகொண்டிருந்திருக்கிறான். கணக்கு வகுப்பு பெரும்பாலும் மதியத்து முதல் பாடவேளை என்பதையும் அன்றுதான் கேட்டு அறிந்தேன்.

பட்டதாரி ஆசிரியர், அரசு உயர்நிலைப் பள்ளி:

உங்கள் பதிவு எங்களையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது, அம்மா. ஆறாம் வகுப்பிலிருந்தே எங்களிடம் படிப்பவர்களுக்கு ஒன்பதாம் வகுப்புக்குள் பெஞ்சும் நட்பும் பங்கு பிரிந்து முடிந்திருக்கும். சுற்று வட்டார நடுநிலைப் பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள் அந்த ஏற்பாட்டுக்குள் நடுவில் நுழைகிறார்கள். நானே பல ஆண்டுகள் வருகைப் பதிவை எண் சொல்லித்தான் எடுத்தேன். ஒரு மாணவி தன் எண்ணைச் சொல்லித் தன்னை எனக்கு அறிமுகப்படுத்திக்கொண்ட நாளில் அந்தப் பழக்கத்தை விட்டேன். டியூஷனை நிறுத்திவிட்டு வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள். பையன் உடன் இருக்க வேண்டாம், அவன் எதிரில் பேசினால் கூச்சம் இரட்டிப்பாகும்.

ஒரு கல்லூரி மாணவி:

எனக்கும் ஒன்பதாம் வகுப்பின் முதல் பாதி அப்படித்தான் போனது. கோ-கோ அணியில் ஆள் குறைந்ததால் உடற்கல்வி ஆசிரியை என்னைப் பிடித்துச் சேர்த்தார். அதன் பிறகு மதிய உணவுக்கு எங்கே உட்காருவது என்று நான் யோசித்ததில்லை. அது தற்செயல்தான். ஆள் குறையாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

முதலில் எழுதிய தாய்:

வகுப்பாசிரியரைப் பார்த்தேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லாமல், பக்கத்து ஊர்களிலிருந்து வந்து இதே போலச் சாப்பிடாமல் இருந்த இன்னும் இரண்டு பையன்களைக் கண்டுபிடித்து, மூவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். இப்போது மூவரும் சேர்ந்தே வரிசைக்குப் போகிறார்கள். அரையாண்டுக் கணக்குத் தாள் இன்னும் கைக்கு வரவில்லை. தட்டு மட்டும் தினமும் ஈரத்தோடு பைக்குள் வருகிறது. நோட்டுகள் நனைகின்றன என்று நேற்றுத் திட்டினேன்.