சாய்ந்த மரத்தை அறுக்கப் போனபோது நேர்ந்தவை

திருப்பாலையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்:

சித்திரை மாதக் கடைசியில் ஒருநாள் மாலை பெய்த கோடை மழையில், எங்கள் வீட்டுப் பின்புறம் நின்றிருந்த வேம்பு தூரோடு சாய்ந்துவிட்டது. மழை என்னவோ அரை மணி நேரந்தான்; காற்றுதான் மரத்தைத் தள்ளியது. அடிமரம் சுற்றுச்சுவரின் மேல் படுத்திருக்க, உச்சிக் கொப்புகள் பக்கத்துக் காலிமனையின் மண்ணில் ஊன்றிக்கொண்டு நின்றன. வேர்ப்பகுதி மண்ணோடு பெயர்ந்து ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பியிருந்தது.

மறுநாள் காலை நானும் என் மைத்துனரும் ஓர் அரிவாளையும் கைரம்பத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினோம். சிறு கொப்புகளைக் கழித்துவிட்டால் பெரிய மரத்தை ஆள் வைத்து அறுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கணக்கு. அடிமரத்தின் கீழே மணிக்கட்டுப் பருமனில் ஒரு கொப்பு, நுனி மண்ணில் அழுந்தி, வில்லைப் போல வளைந்து கிடந்தது. மைத்துனர் அந்த வளைவின் வெளிப்புறத்தில் அரிவாளால் ஓங்கி ஒரே வெட்டு வெட்டினார். வெட்டு பாதி இறங்குவதற்குள் கொப்பு விடுபட்டு மேலே சுழன்று அவர் தாடையில் அடித்தது. கண்ணாடி நொறுங்கி எங்கோ போய் விழுந்தது. ஐந்து தையல்கள் போட்டார்கள். நான்கு விரற்கடை மேலே பட்டிருந்தால் கண்ணே போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னபோது, அருகில் நின்றிருந்த என் தங்கையின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, அழகர்கோவில் சாலையில் மரம் அறுக்கும் வேலை செய்யும் மூவரை அழைத்து வந்தேன். அவர்களில் மூத்தவர் வந்ததும் ரம்பத்தைத் தொடவில்லை. வெற்றிலையை மென்றபடியே மரத்தை இரண்டு முறை சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். சுவரில் எந்த இடத்தில் பாரம் இறங்கியிருக்கிறது என்று கையை வைத்துப் பார்த்தார். எனக்குப் பொறுமை போய், "எப்போது ஆரம்பிப்பீர்கள்?" என்று கேட்டேன். "பொறுங்க சார், மரம் விழுந்துருச்சே தவிர இன்னும் அடங்கல" என்றார். பிறகு சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பையே விரலில் எடுத்து, அடிமரத்தில் ஆறேழு இடங்களில் கோடு இழுத்தார். சில கோடுகள் மேற்புறத்தில் இருந்தன, சில அடிப்புறத்தில் இருந்தன.

அந்தக் கோடுகளின் பொருளை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். ஒரு பிரம்பை வளைத்தால் உட்பக்கம் நசுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். சாய்ந்து கிடக்கும் மரத்திலும் நடப்பது அதுவே. இரண்டு முனைகளும் எதன் மீதாவது தாங்கி, நடுப்பகுதி அந்தரத்தில் இருந்தால், மேற்புறம் நசுங்கியும் அடிப்புறம் இழுபட்டும் நிற்கும். அங்கே மேலிருந்து மட்டும் அறுத்துக்கொண்டே போனால் மரம் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். ஆகவே மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை காற்றில் நீட்டிக்கொண்டிருந்தால் இது தலைகீழாக மாறும்: முதலில் அடியில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. இதை மாற்றிச் செய்தால் மரம் நீளவாக்கில் பிளந்துகொண்டு அறுப்பவர் மேலேயே வரும். மைத்துனரை அடித்தது போன்ற வில் கொப்புகளை அந்த மூத்தவர் வெட்டவே இல்லை. வளைவின் உட்புறத்தில் சிறுகச் சிறுகச் செதுக்கினார். கொப்பு முனகிக்கொண்டே மெதுவாகத் தளர்ந்தது. அது விடுபட்டால் எந்தப் பக்கம் வீசுமோ அந்தப் பக்கத்தில் யாரையும் நிற்க விடவில்லை.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஓரடி விட்டமும் மூன்றடி நீளமும் உள்ள பச்சை மரத்துண்டு ஏறத்தாழ 60 கிலோ இருக்கும். பார்வைக்குச் சிறியதாகத் தெரியும் அந்தத் துண்டு சுவரிலிருந்து உருண்டு காலில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. நான் அன்று அணிந்திருந்தது ரப்பர் செருப்பு.

சோழவந்தானிலிருந்து ஒரு குடும்பத்தலைவி:

ஐயா எழுதியதில் மின்கம்பியைப் பற்றிய பேச்சு இல்லை. எங்கள் வீட்டில் அதுவே முதல் ஆபத்தாக இருந்தது. தென்னை முறிந்து, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியின் மேல் விழுந்து தொங்கியது. ஊரெங்கும் மின்சாரம் போயிருந்ததால், என் மாமனார் மூங்கில் கழியால் மட்டையைத் தள்ளிவிடலாம் என்று கிளம்பினார். மழையில் நனைந்த மூங்கிலிலும் மின்சாரம் பாயும் என்று சொல்லி அவரைத் தடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குப் பேசிவிட்டு, பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாதபடி வாசலில் கட்டிலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஆட்கள் வந்து கம்பியை அகற்றிய பிறகே தென்னையில் கை வைத்தோம்.

திருமங்கலத்திலிருந்து, மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்:

அம்மா செய்தது மிகச் சரி. தெருவில் விளக்கு எரியவில்லை என்பதற்காகக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. எந்த நேரத்திலும் இணைப்பு திரும்பி வரலாம். அதோடு, யாராவது ஒருவர் ஜெனரேட்டரை முறையான மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் வீட்டு இணைப்பில் செருகியிருந்தால், அவர் வீட்டிலிருந்து கம்பிக்குப் பின்னோக்கி மின்சாரம் பாயும். கம்பி அறுந்து ஈரத் தரையில் கிடந்தால் சுற்றியுள்ள மண்ணிலும் மின்னழுத்தம் பரவியிருக்கும். தெரியாமல் அருகில் போய்விட்டவர்கள் ஓடவோ எட்டி நடை வைக்கவோ கூடாது. இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையை விட்டு எடுக்காமல், இழுத்து இழுத்து விலகி வர வேண்டும். மரத்தின் கொப்பு கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த மரம் முழுவதையுமே கம்பியாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மேலூரிலிருந்து ஒருவர்:

வாடகைக்கு மெஷின் ரம்பம் எடுப்பவர்களுக்காக எழுதுகிறேன். ரம்பத்தகட்டின் மூக்கில், மேல் பாதி எதிலாவது இடித்தால், இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் நம் முகத்தை நோக்கித் துள்ளும். எனக்கு அப்படித் துள்ளியபோது முன்கைப் பிடியின் எதிரேயிருக்கும் காப்புப் பிடி என் கையில் இடித்து, சங்கிலி நின்றது. அந்தக் காப்பு உடைந்திருந்த இயந்திரத்தை முதலில் கொடுத்தார்கள். மாற்றிக் கேட்டு வாங்கியதால் பிழைத்தேன். ஏணியில் நின்றுகொண்டும் தோளுக்கு மேலே தூக்கியும் அறுக்காதீர்கள். வேட்டியோடு இறங்குபவர்களை இன்னமும் எங்கள் ஊரில் பார்க்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒருவர்:

திருப்பாலை ஐயாவின் மரத்தில் வேர்ப்பகுதி எழும்பி நின்றது என்று படித்ததும் எனக்கு எங்கள் தோட்டத்துப் புளி நினைவுக்கு வந்தது. அதுவும் தூரோடு சாய்ந்து, வேர்மண் சுவரைப் போல நிமிர்ந்து நின்றது. அடிமரத்தின் பாரந்தான் அந்த வேரை அப்படி இழுத்துப் பிடித்திருக்கிறது என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. தூருக்குப் பக்கத்தில், வேரிலிருந்து இரண்டடி தள்ளி அறுக்கத் தொடங்கினோம். வெயில் ஏறியிருந்ததால் தண்ணீர்க்குடத்தையும் மண்வெட்டியையும் வேர் பெயர்ந்த பள்ளத்தின் நிழலில் வைத்திருந்தோம். என் அண்ணன் மகனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். ஒன்பது வயதுப் பையன். அறுப்பு முக்கால்வாசி முடிந்தபோது அவன் ஆத்தா சாப்பிடக் கூப்பிட, எழுந்து போனான்.

அடிமரம் துண்டானதும் தூர் தானாக நிமிர்ந்தது. மெதுவாக எழும்பவில்லை, கதவை அறைந்து சாத்தினது போல அத்தனை மண்ணும் வேரும் ஒரே வீச்சில் பள்ளத்தில் போய் அமர்ந்தன. காலடியில் நிலம் அதிர்ந்தது. முன்பு மரம் நின்ற அதே இடத்தில், இரண்டடி உயரத்தில் தூர் நேராக நின்றுகொண்டிருந்தது.

வெட்டுவதற்கு முன் வேர்ப்பகுதியை வடம் போட்டுப் பின்னால் இழுத்துக் கட்ட வேண்டும் என்றும், தூரில் ஐந்தாறடி மரத்தை விட்டு அறுத்தால் அதன் எடை வேரைச் சட்டென நிமிர விடாது என்றும், பிறகு பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். மண்வெட்டியும் குடமும் இன்றைக்கும் அந்தத் தூருக்கு அடியில்தான் இருக்கின்றன. தோண்டி எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் அண்ணன் சம்மதிப்பதில்லை.